அம்மாக்கள் தாமாகவே போய்விடவில்லை: சிங்கப்பூர் மூத்தோர் நிலையம் ஒன்றுக்குத் திறந்த மடல்

நிலையத்தை நடத்துகிறவர்களுக்கும், அதற்கு எல்லை வகுத்துக் கொடுத்தவர்களுக்கும்,

போன மாதம் என் அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்தது. வரும் ஜனவரியிலிருந்து செவ்வாய்க்கிழமைத் தமிழ்க் கூட்டத்துக்கு நிலையத்துக்கு வகுத்த எல்லைக்குள் முகவரி உள்ள மூத்தோர் மட்டுமே வரலாம், மற்றவர்கள் அவரவர் வட்டாரத்து நிலையத்தில் பதிந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை அம்மா தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாக்கியத்தில், தாமாகவே வேறு இடங்களுக்குக் குடிபோனவர்களுக்கு இடம் கொடுப்பதால் இங்கே வசிப்பவர்களுக்கு இடம் போதவில்லை என்ற பொருளில் ஒரு விளக்கம். அதைத் தமிழில் சொன்னதும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "யாரு தானாப் போனா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் மூன்று செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் நிலையத்துக்கு வந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் இப்போது எங்கே இருக்கிறீர்கள், முன்னால் எங்கே இருந்தீர்கள், ஏன் போனீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் நான், எழுதிக் கூட்டிப் பார்க்காமல் எனக்கு எதுவும் பிடிபடாது. உங்கள் ஊழியர்கள் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, கோப்பிகூடக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியதை முதலில் கண்டுபிடித்ததும் அங்கே இருந்த தாதிதான். அவர்கள் யார் மேலும் எனக்குக் குறை இல்லை. குறை அந்த முடிவின் மேல், அதைவிட அதிகமாக அந்த ஒரு சொல்லின் மேல்.

நிலையம் எது என்று நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். லிட்டில் இந்தியா என்கிற தேக்காவிலிருந்து நடக்கிற தூரம், பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி உடற்பயிற்சி, அப்புறம் கோப்பி, அப்புறம் பேச்சு, சில நாள் தாயம். உடற்பயிற்சிக்காக யாரும் வருவதில்லை என்பது பயிற்சி சொல்லித்தருகிற தம்பிக்கே தெரியும்.

பெயர்ப்பட்டியலில் 19 பேர், எல்லோரும் பெண்கள். 8 பேர் எல்லைக்குள், 11 பேர் வெளியே. அந்தப் பதினொரு பேரிடமும் ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்களைப் பிரித்துப் பார்த்தால், 5 பேர் பிள்ளைகளோடு இருக்கப் போனவர்கள். 3 பேர் வீட்டை விற்க வேண்டிய நிலைமை வந்து போனவர்கள். ஒருவருடைய புளோக்கையே இடித்துக் கட்ட எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மலேசியாவின் ஜோகூருக்குப் போனவர், ஒருவர் தமிழ்நாட்டில் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர். நகரத்தை விட்டுப் புறநகருக்கும் கிராமத்துக்கும் மக்கள் ஏன் போகிறார்கள் என்று பேசுகிறவர்கள் காற்று, பசுமை, அமைதி, பெரிய வீடு என்று அடுக்குவார்கள். என் நோட்டில் பசுமை என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் என் வீட்டுக் கதை. அம்மாவை நகர்த்தியது நான்தான், அதனால் இதைச் சொல்லாமல் மற்றவர்கள் கதையைச் சொல்வது நியாயமில்லை.

அம்மா 1953இல் செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்தவர். நேவல்பேஸ் என்றுதான் இன்றைக்கும் சொல்வார். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அங்கே கூலி வேலைக்கு வந்தவர். 1968இல் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது, 1971இல் போய்விட்டார்கள். வேலையோடு வீடும் போயிற்று. லண்டனில் யாரோ கையெழுத்துப் போட, செம்பவாங்கில் பாட்டி சட்டிபானையைக் கட்டினார் என்று அம்மா இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். பக்கத்திலேயே சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், தகரக்கூரை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். எண்பதுகளில் அந்தக் கம்பமும் காலி செய்யப்பட்டு, தாத்தா பாட்டிக்கு ஈசூனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. நல்ல வீடுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவரைத் தட்டினால் வெளிச்சம் என்று தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாராம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளைப் பற்றி நான் குறைசொல்ல வரவில்லை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஒரே நாளில் ஏறக்குறைய 16,000 பேர் தெருவில் நின்ற ஊர் இது. ஆனால் தாத்தா பாட்டி மாறிய அந்த இரண்டு வீட்டிலும், எங்கே போகலாம் என்று அவர்கள் யோசித்து முடிவு செய்தது எதுவும் இல்லை. வேறு யாரோ போட்ட கணக்குக்கு அவர்கள் விடையாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அம்மா 1976இல் கல்யாணமாகி உங்கள் பேட்டைக்கு வந்தார். மூவறை வீடு. 46 வருஷம் அங்கேயே. நானும் தம்பியும் அங்கே வளர்ந்தோம், அப்பாவின் கடைசி மூச்சு அங்கே போயிற்று. 2022இல் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெற்றோரோடு சேர்ந்து வசிக்க மறுவிற்பனை வீடு வாங்கினால் 30,000 வெள்ளி (டாலர்) மானியம், 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 என்று 2015இல் வந்த ஒரு திட்டத்தில் 2018இலிருந்து இருக்கிறது. நல்ல திட்டம், எங்களுக்கு உதவியது. ஆனால் யார் யாரை நோக்கி நகர வேண்டும் என்று எந்தத் திட்டமும் சொல்வதில்லை. நாங்கள் தேக்கா பக்கம் போக விலை கட்டுப்படியாகாது, பெரியவனுக்கு நாங்கள் இருக்கிற பொங்கோலில் பள்ளிக்கூடம், கணவருக்கு அந்தப் பக்கம் வேலை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மிச்சம் நிற்பது அம்மா ஒருவர்தான். "வந்துடுங்கம்மா" என்றேன். "சரி" என்றார். சாவியைக் கொடுத்த அன்றைக்கு அந்த வீட்டுச் சமையலறையை இன்னொரு தடவை துடைத்தார், வாங்கினவர்கள் மறுநாளே ஆள் வைத்து இடித்துப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும்.

அந்த ஒரு "சரி"யைத்தான் நீங்கள் தாமாகவே என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லப்போனால் நானும் மூன்று வருஷமாக அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது.

பொங்கோல் மோசமான இடம் இல்லை. ஒரு காலத்தில் பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையுமாக இருந்த இடம், 1996இல் புதுநகர்த் திட்டம் அறிவித்தார்கள், 2003இல் ரயில் வந்தது. பேரன்கள் நீர்வழி ஓரம் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் பகலில் எங்கள் புளோக்கில் ஆள் இருக்காது. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணிக்கு அம்மாவின் கம்பத்து மலாய் நன்றாகவே புரிகிறது, அவரோ காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். அம்மாவும் அந்தப் பக்கம் பேசுவதற்கு ஒரு ஆள் கிடைத்தாரே என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பார்.

இங்கேயே ஒரு நிலையத்தில் சேர்ந்துகொள்ளலாமே என்பீர்கள். சேர்த்தோம். நானே கூட்டிக்கொண்டு போனேன். அன்பாகத்தான் நடத்தினார்கள். சீனத்தில் பாட்டு, சீனத்தில் பிங்கோ, அம்மாவுக்காக ஒரு பெண் எண்களை ஆங்கிலத்தில் மறுபடி சொன்னாள். தமிழ் பேச அம்மா ஒருவர்தான். மூன்று தடவை போனார், அப்புறம் முழங்கால் வலி என்று சொல்லி நிறுத்திவிட்டார். அதே முழங்காலோடு செவ்வாய்க்கிழமை பொங்கோலில் ரயில் ஏறி, ஒன்பதாவது நிலையமான ஃபேரர் பார்க்கில் இறங்கி உங்களிடம் நடந்து வருகிறார். நிலையங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவாராம், பெயர்களைப் படிக்கத் தெரியாது என்பதால் ஆரம்பித்த பழக்கம்.

அம்மா ஏன் அங்கே ஒற்றை ஆளாக இருந்தார் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கழக வீடுகளில் எந்த இனமும் ஓர் அளவுக்கு மேல் ஒரே இடத்தில் சேராமல் பார்க்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. 2010இலிருந்து இந்தியர்களும் மற்ற இனத்தவரும் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 விழுக்காட்டுக்கும் ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டுக்கும் மேல் போகக் கூடாது. நூறு வீடு உள்ள புளோக் என்றால் அதிகபட்சம் 15 வீடு. அந்தப் பதினைந்தில் தமிழ் பேசுகிற வீடு எத்தனை, அதில் எழுபது தாண்டியவர் இருக்கிற வீடு எத்தனை, அவர்களில் பகலில் லிஃப்ட் பிடித்துக் கீழே வரக்கூடியவர் எத்தனை பேர்? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்று வருகிறது, சில புளோக்கில் அதுவும் வராது. நான் இந்தக் கொள்கைக்கு எதிரி இல்லை. என் பிள்ளைகள் எல்லா இனத்துப் பிள்ளைகளோடும் ஒரே விளையாட்டுத் திடலில் புரள்வது எனக்குப் பிடித்திருக்கிறது, தேக்காவைச் சுற்றி மட்டும் தமிழர்கள் அடைந்து கிடக்கும் ஊர் எனக்கு வேண்டாம். ஆனால் எங்களைத் தீவு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறீர்கள். பரப்பியபின் எங்கள் கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தமிழில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால், நாலு திசையிலிருந்தும் ஓர் இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு முகவரி கேட்கிறீர்கள்.

அடுத்தவர் செம்பவாங் அக்கா. இவர்களையெல்லாம் அம்மா, அவரவர் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுகிறார், அம்மாவும் அவர்களுக்குப் "பொங்கோல்"தான். செம்பவாங் அக்காவின் கணவர் வைத்திருந்த கடை படுத்துவிட்டது, கடன் அடைக்க நாலறை வீட்டை விற்க வேண்டும். அவருடைய புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்திருந்ததால் சீனர் யாருக்கும் விற்க முடியாது. இந்தியரோ மலாய்க்காரரோ வர வேண்டும். ஒன்பது மாதம் வரவில்லை. வந்து பார்த்துவிட்டுக் கைகுலுக்கத் தயாராக இருந்த ஒரு சீனக் குடும்பத்தை முகவர் திருப்பி அனுப்பியதை அக்கா இப்போதும் சொல்லிச் சொல்லி ஆறுவதில்லை. கடைசியில் கேட்டதைவிடக் குறைத்து விற்று, கடன் போக மிஞ்சியதில் செம்பவாங்கில் ஈரறை வீடு. இப்படிச் சிக்கியவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள வழி 2022இல் வந்தது. அக்கா அதற்கு முன்னாலேயே விற்றுவிட்டார்.

தெங்கா பெரியம்மா மகனின் பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவு செய்தபின் கழகம் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு, போனவர். காடாகவும் ராணுவ நிலமாகவும் இருந்த இடம், 2023இல்தான் முதல் குடும்பங்கள் சாவி வாங்கின, ரயில் இன்னும் வரவில்லை. பேருந்தில் புக்கிட் பாத்தோக், ஜூரோங் ஈஸ்டில் ஒரு மாற்றம், ஊட்ரம் பார்க்கில் இன்னொரு மாற்றம். ஒன்றேகால் மணி நேரம் வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் திரும்பிப் போகிறார். இவரிடம் அவர் வட்டாரத்து நிலையத்துக்குப் போகலாமே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஜோகூர் அக்கா வேண்டுமானால் ஓரளவுக்குத் தாமாகவே போனவர். நாணயமாகச் சொல்லிவிடுகிறேன். மகளை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று, கையில் இருக்கும் ஒரு வெள்ளி பாலத்தைத் தாண்டினால் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். "அங்க வாசல்ல கோலம் போடலாம்லா, இங்க போட்டா டவுன் கவுன்சில் வரும்" என்கிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பி, சுங்கச் சாவடி வரிசையில் நின்று, குவீன் ஸ்திரீட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுகிறார். அவர் தாமதமாக வந்து நான் பார்க்கவில்லை. உட்லண்ட்சுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றிச் செல்லும் ரயில் போடுகிறார்கள், ஐந்து நிமிடப் பயணமாம், 2026 கடைசியில் ஓடத் தொடங்கும் என்கிறார்கள். ஒரு நாட்டில் தூங்கி இன்னொரு நாட்டில் பகலைக் கழிப்பது இயல்பாகிவிட்ட காலத்தில் ஓர் அஞ்சல் குறியீட்டை வைத்து யார் எந்த ஊர்க்காரர் என்று எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

பேராவூரணி அத்தையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசைப்பட்டுப் போனவர் இந்தப் பட்டியலில் அவர்தான். அவரும் மாமாவும் முப்பது வருஷம் இங்கே இருந்துவிட்டு, மாமா ஓய்வு பெற்றதும் 2016இல் ஊருக்குப் போனார்கள். அடுக்குமாடியில் சாகக் கூடாது, கிணற்றடியில் குளிக்க வேண்டும் என்பது மாமாவின் கனவு. பேராவூரணிப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் வீடு. முதல் வருஷம் சொர்க்கம் என்கிறார். இரண்டாவது வருஷம்தான் கவனித்தாராம், தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி வீட்டில் கிழவனும் கிழவியும். பிள்ளைகள் சென்னையில், திருப்பூரில், துபாயில், சிங்கப்பூரில். இவர்கள் எந்த ஊரைத் தேடிப் போனார்களோ அந்த ஊர் இவர்கள் போவதற்கு முன்னாலேயே வேறெங்கோ குடிபோய்விட்டது. அப்புறம் 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் எப்படிப் படுத்தன என்று செய்தியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் தோப்பில் நின்றவை பதினேழு மரமாம். தென்னம்பிள்ளை வைத்துக் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அத்தனை வருஷம் தனக்கு மிச்சமில்லை என்று மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார், சொன்னபடி அடுத்த வருஷம் போயும்விட்டார். அத்தை மகனிடம் திரும்பி வந்தார். மகன் வாடகைக்கு இருப்பது உட்லண்ட்சில், ஆனால் அத்தை முப்பது வருஷம் இருந்த ஊர் உங்கள் பேட்டை. கிராமத்துக்குப் போனது தாமாகத்தான், சரி. திரும்பி வந்ததை என்னவென்று எழுதுவீர்கள்?

இந்த ஊரில் சாமிகளே வீடு மாறியிருக்கின்றன. ஆர்ச்சர்ட் ரோட்டில் டோபி காட் பக்கம் இருந்த சிவன் கோயில், எம்ஆர்டி ரயில் நிலையம் கட்டுவதற்காக 1983இல் கிளம்பி, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலை ஒட்டி ஒண்டுக்குடித்தனம் இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்கு கண்டது. தாத்தா கும்பிட்ட நேவல்பேஸ் முருகனும் கான்பரா ரோட்டிலிருந்து ஈசூன் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டார், புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் அதுதான். பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கத் தீவின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். எந்தப் புளோக்கிலிருந்து வருகிறாய் என்று முருகன் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக, எல்லைக்குள் இருக்கிற ஒருவர். வயது 81. 1970களிலிருந்து ஒரே புளோக், ஒரே மாடி. உங்கள் கணக்கில் இவருக்காகத்தான் இந்த மாற்றம் எல்லாம். செவ்வாய்க்கிழமை முறுக்கு கொண்டுவருகிறவர் இவர்தான், வீட்டில் சுட்டது. இவர் மாடியில் முன்பு இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது வாடகைக்கு வருகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள், பெயர் மனதில் பதிவதற்குள் அடுத்த ஆள். நான் அவரிடம் அதே கேள்வியைக் கேட்கப் போய், "நீங்க ஏன் ஆச்சி போகல?" என்று மாற்றிக் கேட்டுவிட்டேன். "நான் எங்கயும் போகல. எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. செவ்வாக்கிழமைதான் திரும்பி வர்றாங்க" என்றார்.

நான் எழுதி வைத்த இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த மூன்று வாரமும் எல்லைக்குள்ளிருந்து வந்தவர்கள் 6, 4, 5. வெளியிலிருந்து வந்தவர்கள் 9, 10, 8. அறையில் 30 நாற்காலி இருக்கிறது. ஒரு வாரம்கூட 15க்கு மேல் நிறையவில்லை. ஆக இடம் போதவில்லை என்ற காரணம் நிற்காது. ஆனால் உங்கள் அறிவிப்புப் பலகையில், ஐந்து பேருக்குக் குறைந்தால் அன்றைய நிகழ்ச்சி நடக்காது என்று எழுதியிருக்கிறது. வெளியாட்களைக் கழித்துவிட்டால் மூன்றில் ஒரு வாரம் ஆச்சி முறுக்கோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

எல்லைக்குள் இருக்கும் தலைகளை எண்ணித்தான் உங்களுக்குப் பணம் வருகிறது என்று ஒருவர் காதோடு சொன்னார். அது உண்மையானால் உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, நானும் மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்கிறவள்தான். அப்படியென்றால் அதை அப்படியே சொல்லுங்கள். கோப்பிக்கும் பிஸ்கட்டுக்கும் நாங்கள் பிள்ளைகள் காசு போட்டுக்கொள்கிறோம், பயிற்சித் தம்பிக்குச் சம்பளத்திலும் பங்கு தருகிறோம். பணம் இல்லை என்று சொன்னால் யாரும் புண்பட மாட்டார்கள். நீயாகத்தானே போனாய் என்று எழுபது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குக் கடிதம் போடுவதுதான் வலிக்கிறது.

2023இல் செம்பவாங்கிலிருந்து நகரத்துக்குள் ஓடும் 167ஆம் எண் பேருந்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் எழுதினார்கள், பேசினார்கள், அப்புறம் நிறுத்தாமல் அரைமணிக்கு ஒன்று என்று ஓட விட்டார்கள். அறிவித்த முடிவை மாற்றிக்கொண்டதால் யாருக்கும் மதிப்புக் குறையவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

ஜனவரி மாதக் கட்டுப்பாட்டைச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு மட்டுமாவது நிறுத்தி வையுங்கள். ஒரு வருஷம் வைத்துப் பாருங்கள், வருகைக் கணக்கை நானே வாராவாரம் எழுதித் தருகிறேன். விதி வேண்டும்தான் என்றால், பேட்டையில் பத்து வருஷம் வசித்தவர்கள் இப்போது எங்கே இருந்தாலும் வரலாம் என்று விதி வையுங்கள். கழகத்து ரசீதோ பழைய அடையாள அட்டை முகவரியோ, ஏதாவது ஒன்று எல்லோரிடமும் இருக்கும், தேடித் தர நாங்கள் இருக்கிறோம். ஐந்து பேர் வந்தால்தான் நடத்துவோம் என்பதை முதியவர்கள் விஷயத்தில் தளர்த்துங்கள், மழை நாளில் மூன்று பேர் வந்தாலும் கதவைத் திறந்து வையுங்கள். அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்று, அந்தச் சொல் இல்லாமல், தமிழில், எழுத்து பெரிதாக, பதினொரு பேருக்கும் இன்னொன்று அனுப்புங்கள். எல்லைகளை வகுப்பவர்களிடம் எனக்குத் தனியாக ஒரு கோரிக்கை: தமிழ் பேசும் மூத்தோருக்கு என்று தீவில் நாலைந்து இடங்களிலாவது முகவரி பார்க்காத கூட்டம் வாரம் ஒரு நாள் நடக்க இடம் கொடுங்கள், உங்கள் எல்லைக்கோட்டை அதற்கு மட்டும் அழித்துவிடுங்கள்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் உங்களில் ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவரோடு, ஒரு செவ்வாய்க்கிழமை நேரில் வர வேண்டும். பதினொரு பேரையும் உட்கார வைத்து ஏன் போனீர்கள் என்று நீங்களே கேளுங்கள். என் நோட்டையும் தருகிறேன், ஆனால் அதை நம்ப வேண்டாம், அவர்களிடமே கேளுங்கள்.

நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வேண்டும். டிசம்பரில் பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, பாதிப் பேர் வர முடியாது. பத்து மணிக்குத் தொடங்கும். ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடுங்கள், ஜோகூர் அக்கா அதற்குள் வந்திருப்பார்.

பொங்கோலிலிருந்து வருகிற ஓர் அம்மாவின் மகள்